குழந்தையின் மூளையைத் தாக்கும் காரீயம்

ஒரே நஞ்சு, ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேடு இல்லை!

காசிமேட்டில் மீன் வலையைப் பார்த்திருப்பீர்கள். வலையின் ஓரத்தில் சிறு சிறு குண்டுகள் கோத்திருக்கும். வலை நீருக்குள் தாழ வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அந்தக் குண்டுகள். காரீயத்தில் செய்தவை அவை.

லாரி பாட்டரிக்குள்ளும் காரீயம் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கப்பல்களுக்குப் பூசிவந்த சிவப்புப் பூச்சிலும் அது இருந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகத்தையும் தொழிற்சாலையையும் நம்பி வாழும் குடும்பங்களுக்குக் காரீயம் புதிய பொருள் அல்ல.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வேறு. அது வெள்ளீயம். காரீயமோ நஞ்சு!

717 குழந்தைகள்

பெட்ரோலில் காரீயம் கலப்பது 2000-ம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் குழந்தைகளின் உடலில் காரீயம் இருக்கிறதா? சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2005-2006-ல் சோதித்தார்கள்.

இருந்தது! 100 மில்லி இரத்தத்தில் 10 மைக்ரோகிராம் என்பதே அன்று கவலைக்குரிய எல்லை. சென்னைப் பள்ளிக் குழந்தைகளின் சராசரி அதையும் தாண்டியிருந்தது.

நகரின் 12 பள்ளிகளில், 3 முதல் 7 வயது வரையுள்ள 717 குழந்தைகளின் அறிவுத்திறனும் அளக்கப்பட்டது. அவர்களுடைய மரபணுவும் ஆராயப்பட்டது. 2011-ல் முடிவு வெளியாயிற்று.

காரீயம் ஏற ஏற, அறிவுத்திறன் புள்ளி இறங்கியது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 புள்ளி குறைந்தது. ஆனால் 73 குழந்தைகளுக்கு, அதே அளவு காரீய ஏற்றத்துக்கு 9 புள்ளி குறைந்தது!

ஏன் இந்த வேறுபாடு?

ஒற்றையடிப் பாதை

குழந்தை 'அ' எழுதப் பழகுகிறது. முதல் நாள் கை கோணுகிறது. பத்தாம் நாள் எழுத்து தானாக வருகிறது. இதற்குள் மூளையில் ஒரு மாறுதல் நடந்துவிட்டது.

மூளையில் கோடி கோடியாக நரம்பு அணுக்கள் உள்ளன. ஓர் அணு, தூதுப் பொருள் ஒன்றை அனுப்புகிறது. அடுத்த அணு அதைத் தன் 'வாசல்' வழியாக வாங்கிக்கொள்கிறது. நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை பதிவது போல, பழகப் பழக இந்தத் தொடர்பு வலுப்படுகிறது. படிப்பு என்பது இதுதான்.

வாசல்கள் புரோட்டீனால் ஆனவை. காரீயம் அவற்றில் ஒரு வகையை அடைத்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தைப் போல வேடம் போட்டு, அணுவுக்குள்ளும் நுழைகிறது. பாதை சரியாகப் பதிவதில்லை.

டோபமின் என்பது ஒரு தூதுப் பொருள். அதை வாங்கும் 'டி-2' என்ற வாசலை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அந்தக் குறிப்பின் அருகே சிலருக்கு ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். அவர்களுக்கு டி-2 வாசல்கள் குறைவு என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அந்த 73 குழந்தைகளும் இந்த மாறுதலைத் தாய் வழியிலும் தந்தை வழியிலும் பெற்றவர்கள்.

தலையெழுத்தா?

இல்லை. 73 பேர் சிறு தொகைதான். இதை வைத்து எந்தக் குழந்தையின் படிப்பையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலும், மரபணு எதுவானாலும் காரீயம் எல்லோருக்கும் கேடுதான். தீங்கற்ற அளவு என்று ஒன்று தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. பழைய சுவர்களிலும் கதவுகளிலும் அதற்கு முந்திய பெயிண்ட் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி சுரண்டக் கூடாது.

பாட்டரி, பெயிண்ட் வேலை செய்யும் தகப்பனார், உடை மாற்றிக் கைகால் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். இரும்புச் சத்து குறைந்த குழந்தையின் உடல் காரீயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் மீனும் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் இரத்தச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

பிறப்போடு வந்த மரபணுவை மாற்ற முடியாது. ஆனால் வேலை உடையோடு வீட்டுக்குள் வரும் தூசியை வாசலிலேயே நிறுத்தலாம்.