கணக்குப் புத்தகம் அலுமாரியிலேயே இருக்கிறது

“உம்மா, இந்தக் கணக்கு வெளங்குதில்ல” என்று மகள் கொப்பியை நீட்டுகிறாள். “வாப்பா வரட்டும், கேளுங்க” என்று சொல்லிவிட்டு நாம் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறோம். படிக்கும் காலத்திலேயே நமக்குக் கணக்கென்றால் பயம். அந்தப் பயத்தை நம்மையறியாமல் பிள்ளைக்கும் கொடுத்துவிடுகிறோம்.

எல்லா வீட்டிலும் ரியூசனுக்குப் பணம் இருப்பதில்லை. ஆனால் சகோதரிகளே, கணிதத்தையும் பௌதிகத்தையும் அடியிலிருந்து கற்க நல்ல நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். 1980 முதல் எமது நாட்டில் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. மூத்த பிள்ளைகள் படித்த புத்தகங்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இல்லாதவற்றைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து தமிழிலேயே கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளலாம்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? பிள்ளை படிக்கும் வகுப்புக்கு இரண்டு மூன்று வகுப்பு கீழே தொடங்குங்கள். தரம் 11இல் இருபடிச் சமன்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பின்னமும் காரணியும்தான் சரியாக விளங்கியிராது. தரம் 8 புத்தகத்தை எடுப்பதில் வெட்கமில்லை. பௌதிகத்திற்கும் விஞ்ஞானப் பாடநூலே நல்ல ஆரம்பம்.

தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாக உண்டு. மேல் வகுப்புப் பௌதிகம்கூடத் தமிழில் இருக்கிறது. ஆனால் ஒரு விடயத்தில் கவனம் தேவை. மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது நமக்குக் ‘கதி’. வடக்கு நோக்கி மணிக்கு 40 கிலோமீற்றர் என்று திசையையும் சேர்த்தால் ‘வேகம்’. அவர்களோ முதலாவதை ‘வேகம்’ என்றும், இரண்டாவதைத் ‘திசைவேகம்’ என்றும் எழுதுகிறார்கள். நமது ‘ஆர்முடுகல்’ அங்கே ‘முடுக்கம்’. இதை அறியாமல் படிக்கும் பிள்ளை பரீட்சையில் கதியையும் வேகத்தையும் மாற்றி எழுதிவிடக்கூடும். ஆகவே இரு நாட்டுச் சொற்களையும் ஒரு கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கு அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ நூல்கள் இருக்கின்றன. 2012 முதல் வெளிவரும் இவற்றை இணையத்தில் காசின்றிப் படிக்கலாம். ‘ப்ரீஅல்ஜிப்ரா’ என்ற நூல் முழு எண்களிலிருந்தே ஆரம்பிக்கிறது. பாடத்தோடு ஆங்கிலமும் வளரும்.

புத்தகம் கிடைத்தால் மட்டும் போதாது. கதைப் புத்தகம்போல் கணக்கை வாசிக்கவும் முடியாது. செய்து காட்டியுள்ள உதாரணத்தின் விடையைக் கடதாசியால் மூடிவிட்டு, பென்சிலால் தானே செய்து பார்க்க வேண்டும். பிறகு திறந்து ஒப்பிட வேண்டும். பிழைத்த இடம்தான் திரும்பப் படிக்க வேண்டிய இடம்.

இஷாவுக்குப் பின் இருபது நிமிடம் மகளோடு உட்காருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், “எனக்குச் சொல்லித் தாங்க மகள்” என்று கேளுங்கள். உம்மாவுக்கு விளங்கப்படுத்தும்போது அவளுக்கும் விளங்கும். அன்று பாதியில் விட்ட கணக்கு உங்களுக்கும் கைவரும்.