தொடக்க நவீன ஆங்கில நூல்களில் தமிழ்ச் சொற்களின் முதற்பதிவுகள்

ஆங்கிலத்தின் அருஞ்சொற்களைத் திரட்டிப் பொருள் கூறும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. இராபர்ட் காட்ரி 1604இல் வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 2,500 சொற்களை விளக்கிற்று. அவற்றுள் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து கற்றோர் ஆக்கிக்கொண்டவை. அதே காலத்தில் ஏட்டின் வழியன்றிக் கப்பலின் வழியே நுழைந்த அருஞ்சொற்களும் உள. தமிழ்ச் சொற்கள் இவ்வகையின. அவற்றின் முதற்பதிவுகளைப் பயண நூல்களிலேயே தேடவேண்டும்.

டச்சுப் பயணி லின்சோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் 'கறி' என்னும் சொல் 'கேரியல்' என்பதை ஒத்த வடிவில் இடம்பெறுகிறது. இறுதியிலுள்ள லகரம் போர்த்துக்கீசிய வடிவின் எச்சம். மீனிட்டுக் காய்ச்சிய புளிப்பான சாற்றைச் சோற்றின்மேல் ஊற்றி உண்பதை அந்நூல் விவரிக்கிறது. தமிழ் வாசகருக்கு அது மீன் குழம்பேயன்றி வேறன்று. சங்க இலக்கியத்தில் 'கறி' மலைச்சாரலில் படரும் மிளகைக் குறித்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது எளிது. ஆயினும் 1598ஆம் ஆண்டுப் பதிவை அதற்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அப்பகுதி பேசுவது புளிப்பையே, காரத்தையன்று.

'கட்டுமரம்' வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட நூலிலும் ஜான் பிரையரின் 1698ஆம் ஆண்டு நூலிலும் காணப்படுகிறது. சோழமண்டலக் கரையில் ஒருவரே ஏறிச் செல்லத்தக்க, கால்கள் நீரில் நனையும் சிறு மிதவையாக டாம்பியர் அதனை வருணித்தார். இன்று ஆங்கிலத்தில் அச்சொல் இரட்டையுடல் படகைக் குறிக்கிறது. மரமும் இல்லை, கட்டும் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

'பறையர்' என்னும் சமூகப் பெயரின் வரலாறு இத்தகைய வேடிக்கையன்று. சாமுவேல் பர்ச்சசின் 1613ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது ஒரு மக்கட்பிரிவின் பெயராகவே, இழிவுக் குறிப்புடன், பதிவாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் 'விலக்கப்பட்டவர்' என்னும் பொதுப்பொருளை ஏற்றது. உலக அரங்கில் ஒதுக்கப்பட்ட நாடுகளைச் சுட்ட ஆங்கில இதழ்கள் இன்றும் அதனைத் தயக்கமின்றி ஆள்கின்றன. யூல், பர்னல் இருவரின் 1886ஆம் ஆண்டு அகராதி பறை என்னும் இசைக்கருவியோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துகிறது. வேர்ச்சொல்லைக் காட்டுவதோடு அகராதியின் கடமை முடிந்துவிடாது. அப்பெயருக்குரிய மக்கள் இன்றும் வாழ்கின்றனர், வசையாகும் பொருள் அவர்கள் மீதே விழுகிறது என்பதும் பதிவுக்குரியதே.

மேற்காட்டிய சொற்கள் அனைத்தும் கப்பல்கள் தொட்ட கரையோரங்களில் பொறுக்கப்பட்டவை. பைல் நாடு உள்ளிட்ட கொல்லிமலை நாடுகளின் விளைபொருள்களை நோக்கின் இவ்வேறுபாடு புலப்படும். கொல்லிமலை பலாவுக்கும் மிளகுக்கும் பெயர்பெற்றது. ஆங்கிலமோ பலாவுக்கு மலையாளக் கரையின் 'சக்க' என்பதைப் போர்த்துக்கீசியம் வழியாகப் பெற்று 'ஜாக்' என்றது. மிளகுக்குரிய 'பெப்பர்' திப்பிலியோடு உறவுடையது. இலத்தீன் வழியாக மிகப் பழங்காலத்திலேயே அங்குச் சேர்ந்துவிட்டது. 'மிளகு' ஆங்கிலத்துள் புகுந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவும் மலையிலிருந்தன்று, ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறையில் வைத்த மிளகுத்தண்ணீர், 'முல்லிகடானி' என்னும் சூப்பின் பெயராகக் கப்பலேறியது.