தில்லி மேடைக்கு ஒரு தில்லி நாடகம்

சென்னையிலிருந்து ஒரு நகைச்சுவைக் குழு வந்தால், ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க அரங்கில் கூட்டத்துக்குக் குறைவிராது. வாரமெல்லாம் உழைத்த மனிதர்கள் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டுப் போவதில் தவறொன்றுமில்லை. ஆனால் தில்லியிலேயே வாழ்ந்த ஒரு தமிழர் எழுதிய அருமையான நாடகங்கள் உண்டு என்பதும், அவை அச்சில் வந்திருக்கின்றன என்பதும் நம் இளைய தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே இந்த வாரம் இரண்டு நூல்களை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். ஒன்று நாடகம், மற்றது ஒரு நாடக நடிகரின் கட்டுரைகள்.

நம் ஊர்க் கதை

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'ஔரங்கசீப்' முதல் நூல். 'குருதிப்புனல்' நாவலுக்காக 1977-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர் இவர் என்பதைப் பலரும் அறிவர். நாடகத் துறைக்காக 2004-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் இவருக்குக் கிடைத்தது.

அரியணைக்காக ஷாஜஹானின் மக்கள் மோதிக்கொள்வதுதான் கதை. கிழ அரசர் இறந்துபோன மனைவியின் நினைவிலும், கறுப்புப் பளிங்கில் இன்னொரு மாளிகை எழுப்பும் ஆசையிலும் மூழ்கிக் கிடக்கிறார். மூத்தவன் தாரா, உபநிஷதங்களைப் பாரசீக மொழிக்குக் கொண்டுவந்தவன். சமயங்கள் கைகோக்கும் நாளைக் கனவு காண்பவன். ஔரங்கசீப்போ கனவுகளை நம்பாதவன். சகோதரிகளில் ஜஹனாரா ஒரு பக்கம், ரோஷனாரா மறு பக்கம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிடாதது நாடகத்தின் பெருமை எனலாம்.

இந்தக் கதை நடந்த இடமெல்லாம் நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் இடங்கள். 1659-இல் தோற்றுப்போன தாராவை யானை மீது ஏற்றி ஊர்வலம் விட்டு அவமானப்படுத்தியது இதே தில்லித் தெருக்களில்தான். கொல்லப்பட்ட பின் அவன் ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டான். ஜஹனாரா உறங்குவது நிஜாமுத்தீன் தர்காவில்; ரோஷனாரா தன் பெயர் கொண்ட தோட்டத்தில். தமிழில் இவர்கள் பேசுவதைக் கேட்க நம்மைவிடப் பொருத்தமான ரசிகர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

இந்த நாடகத்தை தேசிய நாடகப் பள்ளியைச் சேர்ந்த கே. எஸ். ராஜேந்திரன் இந்தியில் இயக்கி மேடையேற்றியதும் குறிப்பிடத்தக்கது. தமிழ் நாடகத்தை இந்திக்காரர் பார்த்து ரசிக்க, நாம் மூலத்தைப் புரட்டிக்கூடப் பாராமல் இருப்பது அழகாகுமா?

நடிக்க எளிதான நாடகம் என்று சொல்வதற்கில்லை. பேச்சே இதன் உயிர். தெளிவான உச்சரிப்பும் நிதானமும் இல்லாதவர் கையில் வாதங்கள் நீளமாகத் தோன்றிவிடும். ஆனால் ஜரிகை அங்கிக்கும் அரண்மனைத் திரைச்சீலைக்கும் பணம் கொட்ட வேண்டியதில்லை. நல்ல குரல்கள் இருந்தால் வெறும் மேடையே போதும்.

நடிகரின் நினைவுகள்

அடுத்த நூல் பாரதி மணியின் 'பல நேரங்களில் பல மனிதர்கள்'. 'பாரதி' திரைப்படத்தில் கவிஞரின் தந்தையாக வந்தவர் என்றால் உடனே நினைவுக்கு வரும். அரை நூற்றாண்டுக் காலம் தில்லியில் வாழ்ந்தவர், எழுத்தாளர் க. நா. சு.வின் மருமகன். தட்சிண பாரத நாடக சபாவில் முன்னின்று உழைத்தவர். இந்திரா பார்த்தசாரதியின் 'மழை' மேடை கண்டது அந்தச் சபாவினால்தான்.

நிகம்போத் சுடுகாட்டைப் பற்றிய அவரது கட்டுரை ஒன்றுக்காகவே நூலை வாங்கலாம். ஊரைவிட்டு வந்த இடத்தில் ஒருவர் இறந்துபோனால் யார் தோள் கொடுப்பார் என்பதை அறிந்தவர் எழுதிய எழுத்து அது. பாரதி மணி 2021-இல் மறைந்தார். அவர் எழுதி வைத்திராவிட்டால் அந்தக் காலத் தில்லித் தமிழர் வாழ்வில் பெரும் பகுதி அவரோடு போயிருக்கும்.

செய்யக்கூடியது

மேடையில் நடந்தது மறுநாளே மறைந்துவிடும். நூல் மட்டுமே தங்கும். தங்கிய நூலுக்கும் குரல் கொடுக்க ஆள் வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு நாடக வாசிப்பைப்போல் நல்ல வழி இல்லை. பெரியவர் ஒருவர் படித்துக் காட்ட, பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கேட்டு மனப்பாடம் செய்யட்டும். ஒரு ஞாயிறு மாலை, ஒரு கூடம், ஐந்தாறு நாற்காலிகள் போதும். பேட்டைதோறும் உள்ள தமிழ் அமைப்புகள் 'ஔரங்கசீப்'பின் முதல் காட்சியிலிருந்தே தொடங்கலாம்.