வரிசையில் நிற்கும் நாடு

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து” என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வரும் பழமொழி. உண்ணப்போகும் இடத்தில் முந்திக்கொள்பவனே சமர்த்தன் என்பது அதன் கருத்துப் போலும். ஆங்கிலேயர் ஒருவரிடம் இதன் பொருளை எடுத்துச் சொன்னால் அவர் முகஞ் சுளிப்பார். படைக்குப் பிந்தியவனை அவர் ஒருவேளை மன்னித்துவிடக்கூடும்; பந்திக்கு முந்தியவனை ஒருநாளும் மன்னியார். பஸ் தரிப்பிடம், தபாற் கந்தோர், பாண் கடை, மருந்துக் கடை ஆகிய எவ்விடத்திலும் ஒருவர்பின் ஒருவராக நிற்பதும், தம் முறை வரும்வரை வாய் திறவாது காத்திருப்பதும் அந்நாட்டவர்க்கு இயல்பாகிவிட்டன. ‘கியூ’ என்று நாமும் வழங்கும் அவ்வரிசை பார்வைக்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் பிரித்தானியரின் நீதியுணர்ச்சி எவ்வாறு வளர்ந்தது, இன்று எங்கே தளர்கின்றது என்பதை அறிய இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

‘பப்’ எனப்படும் மதுச்சாலைகளில் வரிசை கண்ணுக்கே தெரியாது. நீண்ட மேசையின் முன் பலரும் பக்கம் பக்கமாக நிற்பர். ஆயினும் தமக்கு முன் வந்தவர் யார், பின் வந்தவர் யார் என்பது ஒவ்வொருவர் மனத்திலும் பதிந்திருக்கும். பரிமாறுபவர் தவறுதலாக ஒருவரை முந்திக் கேட்டுவிட்டால், “இல்லை, இவர்தான் எனக்கு முன் வந்தவர்” என்று அவரே அடுத்தவரைக் காட்டிவிடுவார். விம்பிள்டன் ரெனிஸ் போட்டியைப் பார்க்க வருவோரிற் பலர் முதல்நாள் இரவே பூங்காவிற் கூடாரமடித்துப் படுக்கின்றனர். வரிசையிற் சேரும் ஒவ்வொருவருக்கும் திகதியும் இலக்கமும் பொறித்த அட்டை வழங்கப்படுகின்றது. எவ்வாறு நிற்பது, எவ்வளவு நேரம் விலகிச் செல்லலாம் என்பவற்றுக்கெல்லாம் எழுதிவைத்த விதிகள் உள்ளன. முறை தவறியவனை அவர்கள் உரத்துக் கண்டிப்பது குறைவு. ஒருவர் தொண்டையைச் செருமுவார், இன்னொருவர் நாக்கைத் தட்டி ‘த்சு’ என்பார், அவ்வளவே. அச்சிறு ஒலியிலுள்ள கண்டிப்பு நமது ஊர்ச் சண்டையின் கூச்சலுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இலண்டனில் மகன் வீட்டுக்குச் சென்றிருந்த யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவரின் அநுபவம் ஈண்டுக் கூறத்தக்கது. முழங்கால் வலியுடைய அவ்வம்மையார் பேரனுடன் அயலிலிருந்த தபாற் கந்தோருக்குப் போனார். ஒரேயொரு முத்திரை வாங்கவேண்டியிருந்தமையால் நேரே முன்னே சென்று காசை நீட்டினார். உள்ளே இருந்த பெண் புன்னகை மாறாமலே, “அவர்களெல்லாம் உங்களுக்கு முன் வந்தவர்கள், அம்மா” என்று கையாற் காட்டினாள். பின்னே யாரோ செருமினார்கள். பேரன் வெட்கத்தால் தலைகுனிந்தான். மூதாட்டியார் கடைசியிற் போய் நின்றார். அவர் காலை மாற்றி மாற்றி ஊன்றுவதைக் கண்ட முன்னிருந்தவர், “நீங்கள் முன்னே செல்லுங்கள்” என்று விலகினார். அவருக்கு முன் நின்றவரும் அவ்வாறே செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் அம்மையார் மறுபடியும் முதலிடத்தை அடைந்துவிட்டார். வீட்டுக்கு வந்து மகனிடம் அவர் சொன்னாராம்: “தம்பி, நானாப் போய் முன்னுக்கு நிக்கேக்கை ஒருத்தரும் விடேல்லை. பின்னுக்குப் போய் நிண்ட உடனை எல்லாரும் முன்னுக்கு விட்டினம். நல்ல சனந்தான், ஆனா விளங்கிக்கொள்ளுறது கஷ்டம்.”

விளங்கிக்கொள்வது அத்துணைக் கடினமன்று. வரிசையிலுள்ள இடம் அதில் நிற்பவருக்கு உரிய உடைமை. அதை அவர் விரும்பிக் கொடுக்கலாம், பிறர் பறிக்கலாகாது.

இக்குணம் ஆங்கிலேயரின் இரத்தத்திலேயே ஊறியது என்று பலர் எண்ணுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. ‘கியூ’ என்பதே பிரெஞ்சு மொழிச் சொல். ‘வால்’ என்பது அதன் பொருள். 1837ஆம் ஆண்டில் தோமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை வெளியிட்டபோது, பாண் கடை வாசல்களிற் பாரிஸ் மக்கள் வால்போல் நீண்டு நின்ற காட்சியை விவரித்தார். அது பிரெஞ்சுக்காரருக்கே உரிய ஒரு திறமை என்பது அவர் எண்ணம். அன்றைய ஆங்கிலேயர்க்கு அது அயலார் வழக்கமாகவே தோன்றியது.

அயலார் வழக்கத்தைத் தேசிய குணமாக்கியது இரண்டாம் உலக யுத்தமே எனலாம். 1940 ஜனவரி 8ஆம் திகதி பதப்படுத்திய பன்றியிறைச்சி, வெண்ணெய், சீனி ஆகியவற்றுக்குப் பங்கீடு வந்தது. அவ்வாண்டு யூலையில் தேயிலையும் சேர்ந்தது. ஆளொன்றுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ். அந்த 2 அவுன்ஸில் எமது மலையகத்துப் பெண்கள் கொய்த கொழுந்தும் கலந்திருந்தது. யுத்தகாலம் முழுவதும் பங்கீடின்றிக் கிடைத்த பாணுக்கு, யுத்தம் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை பங்கீடு விதிக்கப்பட்டது. கடைசியாக இறைச்சிப் பங்கீடு நீங்கியது 1954 யூலை 4ஆம் திகதியே. 14 ஆண்டுகளாக அந்நாட்டுப் பெண்கள் கூடையும் பங்கீட்டுப் புத்தகமுமாகக் கடை வாசலில் நின்றனர்.

அவ்வரிசைகளிற் சச்சரவே இருக்கவில்லை என்று கொள்ளலாகாது. முணுமுணுப்பும் வாய்ச்சண்டையும் இருந்தன. கள்ளச் சந்தையும் செழித்தது. எனினும் மக்கள் பொறுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பங்கீட்டுப் புத்தகம் பிரபுவுக்கும் இருந்தது. மூட்டை சுமப்பவனுக்கும் இருந்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குப் பச்சை நிறப் புத்தகம் கொடுத்து, பால், முட்டை, பழம் முதலியவற்றில் அவர்களுக்குச் சலுகை அளித்தார்கள். 1947இல் இளவரசி எலிசபெத்தின் திருமண உடைக்கும் துணிக் கூப்பன் வேண்டியிருந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பெண்கள் தம் கூப்பன்களை அன்பளிப்பாக அனுப்பினர். ஒருவர் கூப்பனை மற்றொருவர் உபயோகிப்பது சட்டவிரோதமாதலால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. மணமகளுக்கு அரசாங்கம் மேலதிகக் கூப்பன்களை வழங்கியது உண்மையே. ஆயினும் கூப்பன் என்ற ஒன்று அவருக்கும் வேண்டியிருந்தது என்பதே மக்கள் மனத்தில் நிலைத்தது.

வரிசை அரசியல்வாதிகளுக்கும் ஆயுதமாயிற்று. 1950ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சியைச் சாடிய சேர்ச்சில், அவர்களுடைய இலட்சிய உலகம் வெறும் கியூ உலகமே என்னும் பொருளில் ‘கியூட்டோப்பியா’ எனவொரு சொல்லைப் படைத்தார். 1978இல் அதே கன்சர்வேட்டிவ் கட்சியினர், வேலையற்றோர் நெடுவரிசையில் நிற்பதாகக் காட்டும் சுவரொட்டி ஒன்றை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு தேர்தலில் திருமதி தட்சர் வெற்றி பெற்றார். படத்தில் நின்றவர்கள் உண்மையில் அக்கட்சியின் தொண்டர்களே என்பதும், வந்தவர் தொகை போதாமையால் அவர்களையே பலமுறை படமெடுத்து இணைத்து வரிசையை நீட்டினர் என்பதும் பின்னர் தெரியவந்த வேடிக்கை.

பங்கீட்டுக் காலத்தின் நீதியுணர்ச்சி நிலையான உருவம் பெற்றது தேசிய சுகாதார சேவையிலே. 1948 யூலை 5ஆம் திகதி அது தொடங்கியது. அதை நிறுவிய சுகாதார மந்திரி அனூரின் பெவன், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். தாமும் இளமையிற் சுரங்கத்தில் உழைத்தவர். நோயாளியின் பணப்பையைப் பாராது நோயைப் பார்த்தே வைத்தியம் செய்தல் வேண்டும் என்பது அச்சேவையின் அடிப்படை. இங்கும் வரிசை உண்டு. ஆனால் முந்தி வந்தவர் என்பதற்கு மேலாக, ஆபத்து மிகுந்தவர் யார் என்பதே அங்கே கணக்கு. விரலில் வெட்டுக்காயத்தோடு வந்த செல்வந்தர், தமக்குப் பின் நெஞ்சுவலியோடு வந்த கூலியாள் உள்ளே சென்றபின்னரே அழைக்கப்படுவார்.

அச்சேவையைத் தாங்கிய கைகளிற் பல கடல் கடந்து வந்தவை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தாதியரும், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வைத்தியரும் 1950களிலும் 1960களிலும் அங்கே சென்றனர். குடியிருக்க இடம் தேடியபோது புதியவர்கள் மற்றொரு வகை வரிசையைக் கண்டனர். உள்ளூராட்சி மன்றங்கள் கட்டிய வீடுகளுக்குப் பெயர் பதிவதற்கு, அப்பகுதியிற் சில ஆண்டுகள் வசித்திருத்தல் வேண்டும் என்று பல மன்றங்கள் விதித்திருந்தன. வாடகைக்கு விடும் தனியார் வீடுகளின் யன்னல்களிலோ, நிறத்தவருக்கு இடமில்லை என்ற அறிவித்தல்கள் தொங்கின. வீடு கொடுப்பதில் இவ்வாறு நிறம் பார்ப்பதை 1968ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டமே தடைசெய்தது. வரிசைக்குள்ளே நீதி இருந்தாற் போதாது. வரிசையிற் சேர யாருக்கு உரிமை என்று தீர்மானிக்கும் இடத்திலும் அது இருத்தல் வேண்டும்.

2022 செப்ரெம்பரில் எலிசபெத் மகாராணியார் காலமானபோது உலகமே வியந்த ஒரு வரிசையை இலண்டன் கண்டது. வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்தில் வைக்கப்பட்ட பேழைக்கு இறுதி மரியாதை செலுத்துவதற்காக, தெம்ஸ் நதியின் தென்கரையோரமாகச் சதர்க் பூங்கா வரை மக்கள் நின்றனர். சில வேளைகளில் காத்திருக்கும் நேரம் 24 மணித்தியாலத்தையும் கடந்தது. ஏறக்குறைய 2,50,000 பேர் மண்டபத்தினூடாகச் சென்றனர். புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரர் டேவிட் பெக்காம் 12 மணி நேரத்துக்கு மேலாகப் பொதுமக்களோடு நின்றார். நாடு அவரைப் பாராட்டியது. தொலைக்காட்சி அறிவிப்பாளர் இருவர் வரிசையில் நில்லாது உள்ளே சென்றனர் என்ற செய்தி பரவியபோதோ பெருஞ்சினம் மூண்டது. தாம் செய்தியாளராகவே சென்றதாக அவர்கள் விளக்கியும், அவர்களைப் பதவி நீக்கவேண்டும் எனப் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டனர். பாராளுமன்ற உறுப்பினர் வரிசையில் நில்லாமலே செல்லலாம் என்ற ஏற்பாடும் கண்டனத்துக்குள்ளாயிற்று.

இவ்வளவு சினம் ஏன்? நாள்தோறும் தாம் நிற்கும் பெரிய வரிசைகளில் நீதி குன்றி வருகின்றதோ என்ற ஐயம் அம்மக்கள் நெஞ்சில் ஏற்கெனவே புகுந்திருந்தது என்பதே என் எண்ணம். 2023 செப்ரெம்பரில் இங்கிலாந்தின் வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் காத்திருந்த பதிவுகள் 77 இலட்சத்தைத் தாண்டியிருந்தன. ஒருவரே இரண்டு சிகிச்சைகளுக்குப் பதிந்திருத்தலும் உண்டெனினும் தொகை பெரிதே. 2024 பெப்ரவரியில் பிரிஸ்ரல் நகரிற் சுகாதார சேவையின் கீழ்ப் பல் வைத்திய நிலையம் ஒன்று திறக்கப்பட்டபோது, பெயர் பதிவதற்காக நூற்றுக்கணக்கானோர் தெருவில் நின்றனர். ட்ரசல் என்னும் தரும நிறுவனத்தின் உணவு வங்கிகள் 2023-24ஆம் ஆண்டில் 31 இலட்சத்துக்கு மேற்பட்ட உணவுப் பொதிகளை வழங்கின. பங்கீட்டு வரிசையில் எல்லோரும் நின்றார்கள்; உணவு வங்கியின் வாசலில் ஏழைகள் மாத்திரமே நிற்கின்றார்கள்.

பணமுள்ளவரோ தனியார் வைத்தியசாலைக்குச் சென்று, முழங்காலுக்கோ கண்ணுக்கோ விரைவிற் சத்திரசிகிச்சை செய்துகொள்கின்றார். அவர் விலகுவதால் மற்றவர்களுக்கு வரிசை குறுகுகின்றது அன்றோ என்று கேட்பார் உளர். அவ்வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் காலையில் அரசாங்க வைத்தியசாலையில் கத்தி பிடிக்கும் வைத்தியரே மாலையில் தனியார் இடத்திலும் பிடிப்பதுண்டு. வைத்தியர்களின் எதிர்ப்பைத் தணிப்பதற்காக இவ்வழியை 1948இல் திறந்து விட்டவரும் பெவனே. வரிசை குறுகியிருந்த காலத்தில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை, நீண்டபோதுதான் உறுத்துகின்றது. வலியோடு ஓராண்டு காத்திருக்கும் முதியவர் ஒருவர், அயல்வீட்டுக்காரர் ஒரு மாதத்திற் குணமாகி நடப்பதைக் காணும்போது, வரிசையின்மேல் வைத்த நம்பிக்கையில் ஒரு பங்கு கரைந்துவிடுகின்றது.

தமிழில் ‘முறை’ என்னும் சொல்லுக்கு ஒருவருக்குரிய தருணம் என்றும் பொருள். நீதி என்றும் பொருள். “என் முறை வரட்டும்” என்கிறோம், அநீதி நேர்ந்தால் “இது முறையா?” என்றும் கேட்கிறோம். பிரித்தானியர் தம் வரிசையில் இவ்விரண்டையும் ஒன்றாகவே கண்டார்கள். பள்ளிக்கூடத்திற் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் ஆசிரியர்களும், கடையிற் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெற்றோரும் இதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நன்று. பின்னால் நிற்பவன் பொறுத்திருப்பது, முன்னால் நிற்பவனும் இவ்வழியே நின்று வந்தவன் என்று நம்புவதனாலேதான். அந்நம்பிக்கை போனபின்னர் எத்தனை பொலிசாரை நிறுத்தினாலும் வரிசை நில்லாது.