கணக்குத் தீர்த்துவிட்டுப் போனவர்கள்

2001 செப்டம்பர் 11க்கு முந்தைய சில நாட்களில், அமெரிக்காவில் தங்கியிருந்த விமானக் கடத்தல்காரர்கள் கையில் மீந்திருந்த பணத்தைக் கணக்குப் பார்த்தார்கள். சுமார் 26,000 டாலர் இருந்தது. அதை ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த தங்கள் ஆளுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோரைக் கொல்லக் கிளம்பியவர்கள் பண விஷயத்தில் மட்டும் இவ்வளவு நாணயம் பார்த்தது குரூரமான வேடிக்கை. ஆனால் அந்த நாணயம் ஒரு தடயத்தை விட்டுச் சென்றது. பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது.

பணம் வந்தபோதும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டின் நடுவில் துபாயிலிருந்து ஐந்து தவணைகளில் 1,14,500 டாலர் வந்து இறங்கியது. பெற்றவர்கள் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த அரபு இளைஞர்கள். வங்கிக்காரர் பார்வையில் இதில் என்ன தப்பு? வீட்டில் கொஞ்சம் வசதி, பையன் படிக்கிறான். கடத்தல்காரர்கள் 19 பேரின் எந்தப் பரிவர்த்தனை பற்றியும் தாக்குதலுக்கு முன் ஒரு வங்கிகூடச் சந்தேக அறிக்கை கொடுக்கவில்லை. பிறகு விசாரித்த அமெரிக்க ஆணையமும் வங்கிகளைக் குறை சொல்லவில்லை.

முழுச் சதிக்கும் ஆன செலவு நான்கு முதல் ஐந்து லட்சம் டாலர் என்று அந்த ஆணையம் மதிப்பிட்டது. 2005 லண்டன் குண்டுவெடிப்புக்கு ஆனது 8,000 பவுண்டுக்கும் குறைவு. உலக வங்கிகளில் ஒரு நாளில் புரளும் பணத்துக்கு முன்னால் இவை தூசு. கறுப்புப் பணக்காரர் அழுக்குப் பணத்தை வெளுக்கப் பார்க்கிறார். அதனால் தொகை பெரிது, சுற்றுவழி நீளம், கண்ணில் படும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. சம்பளம், கடன், நன்கொடை என்று வெள்ளையாகப் புறப்படும் பணம் போய்ச் சேரும் இடத்தில்தான் கறுக்கிறது. தொகையைப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது.

பிறகு எதைப் பார்ப்பது? அதற்கு, வெளிநாட்டுக்குப் பணம் போகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையில் பணம் எங்கும் போவதில்லை. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. இரண்டும் தத்தம் ஏட்டில் எழுதிக்கொள்கின்றன. அந்தச் செய்தியைச் சுமப்பது ஸ்விஃப்ட். 1973இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து ஏற்படுத்திய கூட்டுறவு நிறுவனம் இது. தலைமையகம் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் லா ஹுல்ப் என்ற ஊரில்.

அந்தச் செய்தியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பல்லாண்டுகள் புழங்கிய வடிவத்துக்கு எம்டி 103 என்று பெயர். வரிக்கு வரி எண் உண்டு. 32ஏ என்றால் தேதி, நாணயம், தொகை. 50 என்றால் அனுப்புகிறவர். 59 பெறுகிறவர். 70இல் எதற்காக என்ற குறிப்பு. வங்கிக்கு உயிர்நாடி 32ஏ. துப்பறிகிறவருக்கோ 50உம் 59உம் போதும். ஒரு பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தால், அவருக்கு அனுப்பியது யார், எந்த முகவரியிலிருந்து, அந்த ஆள் வேறு யாருக்கெல்லாம் அனுப்பினார் என்று நூல் பிடித்துக்கொண்டே போகலாம்.

செப்டம்பர் 11க்குப் பின் அமெரிக்க நிதித்துறை இந்த நூலைத்தான் ரகசியமாகப் பிடித்தது. ஸ்விஃப்ட் தன் தகவல்களின் மறுபிரதியை அமெரிக்காவிலும் வைத்திருந்தது. அங்கே சட்டப்படி உத்தரவு கொடுத்துத் தகவலை வாங்கினார்கள். 2006 ஜூனில் பத்திரிகைகள் இதைப் போட்டு உடைத்தன. 2002இல் பாலித் தீவில் 202 பேர் இறந்த குண்டுவெடிப்பின் சூத்திரதாரியாகக் கருதப்பட்ட ஹம்பாலி, மறு ஆண்டு தாய்லாந்தில் சிக்கியதற்கு இந்தத் தகவல்கள் உதவின என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

ஐரோப்பியர்கள் கொதித்தார்கள். தங்கள் வங்கிக் கணக்கை யாரோ வாஷிங்டனில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 2009 கடைசியில் ஸ்விஃப்ட் தன் அமைப்பை மாற்றியது. ஐரோப்பாவுக்குள் புழங்கும் செய்திகளின் மறுபிரதி இனி அமெரிக்காவில் கிடையாது, சுவிட்சர்லாந்தில் மட்டும். கணினிகள் இருக்கும் இடம் மாறியதால், கேட்டு வாங்க வேண்டிய நிலை வல்லரசுக்கு வந்தது. அவசரமாகப் போட்ட தற்காலிக ஒப்பந்தத்தை 2010 பிப்ரவரி 11 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 378க்கு 196 என்று தோற்கடித்தது. கூட்டாளி நாடுகளுக்குள் இப்படி வெளிப்படையாக ஒரு ‘முடியாது’ அபூர்வம்.

2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புது ஒப்பந்தத்தில் பூட்டுகள் கூடின. அமெரிக்கா கேட்பதை முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் பார்க்கும். தேவைக்கு மேல் கேட்டிருக்கிறார்களா என்று சரிபார்க்கும். அதன் பிறகே ஸ்விஃப்ட் தரும். தந்த பிறகும் நினைத்தபடி துழாவ முடியாது. தேடும் ஆளுக்குப் பயங்கரவாதத் தொடர்பு இருப்பதாக நினைக்க என்ன காரணம் என்று முதலில் எழுதிக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நியமித்த கண்காணிப்பாளர் வாஷிங்டனிலேயே இருக்கிறார். நடந்துகொண்டிருக்கும் தேடலை அவர் நிறுத்தலாம். பயன்படாத தகவலை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவ்வளவு இருந்தும், தகவல் மொத்தமாகத்தான் கைமாறுகிறது என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. அதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்விஃப்ட் ஒரு வழி என்றால், நாடுகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்வது இன்னொரு வழி. வங்கிகள் தரும் சந்தேக அறிக்கைகளை வாங்கிப் பார்க்க, பெரும்பாலான நாடுகளில் நிதிப் புலனாய்வுப் பிரிவு என்று ஒன்று உண்டு. இந்தியாவில் 2004இலும் இலங்கையில் 2006இலும் வந்தன. 1995இல் பிரஸ்ஸல்ஸ் மாளிகை ஒன்றின் பெயரில் பிறந்த எக்மான்ட் குழு இவற்றை ஒரு தனி வலைப்பின்னலில் இணைக்கிறது. அங்கே ஒரு கறாரான விதி: நீங்கள் தந்த தகவலை, உங்களைக் கேட்காமல் நான் மூன்றாமவருக்குத் தரக்கூடாது. வேலை தாமதமாகும்தான். ஆனால் அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள்.

இத்தனை ஏற்பாடும் செய்தி எழுதப்படும் இடத்தில்தான் செல்லும். எழுதவே படாவிட்டால்? நம்மவர்களுக்குத் தெரிந்த உண்டியல் அதுதான். துபாய்க் கடையில் திர்ஹாமைக் கொடுக்கிறார் ஒருவர். ஊரில் அவர் வீட்டுக்கே ரூபாய் வந்துவிடுகிறது. அடையாளச் சீட்டாகப் பெரும்பாலும் ஒரு பத்து ரூபாய் நோட்டு. அதன் எண்ணைத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், நோட்டைக் காட்டுபவருக்குப் பணம். பெயர், முகவரி, காரணம் எதுவும் வேண்டாம். இப்படி அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் கூலித் தொழிலாளிகள். செப்டம்பர் 11க்குப் பின் முதல் பழி இந்த முறை மீதுதான் விழுந்தது. அந்த 19 பேரின் பணம் முக்கியமாக வந்ததோ முறையான வங்கிகள் வழியாக.

ஆனால் துபாய்க் கடைக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் இடையே பாக்கி ஏறிக்கொண்டே போகும். என்றைக்காவது ஒருநாள் அதை நேர்செய்தாக வேண்டும். சில சமயம் சரக்கு விலைப்பட்டியலில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து நேர்செய்கிறார்கள். சில சமயம் மொத்தமாக ஒரு தொகையை வங்கி வழியாகவே அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கு 50ஆம் வரியில் ஒரு பெயரையும் 59ஆம் வரியில் இன்னொரு பெயரையும் யாராவது எழுதத்தான் வேண்டும்.