மனசுக்குள் படிப்பதும் கூட்டத்தில் பேசுவதும்



நம்ம திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் பெரிய கல்வெட்டு ஒன்று இருப்பது நமக்கெல்லாம் தெரியும். பாலாறு, செய்யாறு, வேகவதி சேருகிற இந்தக் கரையில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் (1063–1070) 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்திருக்கிறது. வைத்தியர் யார், நோயாளிகளைக் கவனித்த பெண்கள் எத்தனை பேர், வருஷத்துக்கு என்னென்ன மருந்து இருப்பு வைக்கணும் என்றெல்லாம் அதில் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் பத்தாவது படித்த பிள்ளை போய் நின்றாலும் படிக்க முடியாது. எழுத்து வடிவமே மாறிப்போச்சு. தெரிந்தவர் படித்துச் சொன்னால் நாம் நம்பவேண்டியதுதான்.

எழுத்து தெரியாத உறுப்பினருக்கு நம் தீர்மானப் புத்தகமும் அப்படித்தான் இருக்கிறது.

படிப்பு என்றால் கையெழுத்துப் போடுவது என்று நாம் நிறுத்திக்கொண்டோம். கைநாட்டு போய் கையெழுத்து வந்தது பெரிய விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் வார்த்தையை மறந்துவிடுகிறார். அப்புறம் வாய்விட்டுப் படிப்பார், பிறகு உதடு மட்டும் அசையும். பழகப் பழகத்தான் மனசுக்குள் படிப்பது வரும். பெரிய படிப்பாளிகளே அந்தக் காலத்தில் வாய்விட்டுப் படித்திருக்கிறார்கள். நாலாம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் சத்தமில்லாமல் படித்ததை அகுஸ்தீன் ஆச்சரியமாக எழுதி வைத்திருக்கிறார்.

மனசுக்குள் படிப்பதில் என்ன லாபம்? படிக்கத் தெரியாத பெண்ணுக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது, யோசித்துப் பாருங்கள். கட்டிக்கொடுத்த மகள் போட்ட கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொன்ன காலம் உண்டு. இன்றைக்கும் பேங்க் நோட்டீஸ் வந்தால் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். அடுத்தவர் வாய் வழியாக வருகிற சேதியை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறோம். நம்ம நெனப்பு தனியாக ஓட இடமே இல்லை. தானே படித்தால் நிறுத்தலாம், திரும்பப் படிக்கலாம், ‘இது சரியா?’ என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் யார் துணையும் இல்லாமல் வெளியே போய் வந்தார்கள். படிப்பும் அப்படி ஒரு துணையில்லாத பயணம்தான் என்று எங்களுக்குத் தோன்றும்.

இதில் அறிவுக் குறைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுத்து தெரியாமலே தறியில் இழைக்கணக்கை மனசில் வைத்துப் புட்டா போடுகிற பெண்கள் நம்ம பக்கத்தில் இருக்கிறார்கள். மனசு வேலை செய்கிறது, காகிதம்தான் எட்டவில்லை.

இனி கூட்டத்துக்கு வருவோம். ஊக்குநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பேச்சைத்தான் ஒழுங்குபடுத்த முடியும். ஒருத்தர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, வீட்டுச் சண்டையை இங்கே இழுக்கக் கூடாது, தாமதமாக வந்தால் அபராதம், எல்லாம் சரி. வாயை அடக்க விதி உண்டு, மனசைத் திறக்க விதி ஏது? கூட்டம் அமைதியாக நடந்தது என்று எழுதுகிறோம். 15 பேரில் 4 பேருக்குத் தீர்மானம் புரியாமலே இருந்திருக்கலாம், 2 பேருக்கு உடன்பாடே இல்லாமல் இருந்திருக்கலாம். அது குழாயடியில்தான் வெளியே வரும், வந்தால் ‘புறம் பேசுறா’ என்போம். கடன் தவணை நின்ற பிறகு, ‘எனக்கு அப்பவே பிடிக்கல’ என்பார். கையெழுத்துப் போட்டாயே என்று சத்தம் போட்டு அப்போது என்ன பயன்?

கண்டிப்பு கூடக்கூட பேச்சு குறையும், நெனப்பு குறையாது. ஆகவே விதியைக் கூட்டுவதைவிட வேறு சிலது செய்து பார்க்கலாம். தீர்மானத்தை எழுதியவரே படிக்காமல், இன்னொருத்தர் படிக்கட்டும். மெதுவாக, இரண்டு தடவை. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். அவரவர் பாஸ்புக் வரியை அவரவரே விரல் வைத்துப் படிக்கட்டும், தப்பினால் சிரிக்க வேண்டாம். தலைவி தேர்வு, பெரிய கடன் மாதிரி விஷயங்களுக்கு ஒரு பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு வையுங்கள். சம்மதம் என்றால் புளியங்கொட்டை, இல்லை என்றால் வேப்பங்கொட்டை. எழுத்து தெரியாதவரும் யாருக்கும் தெரியாமல் தன் எண்ணத்தைப் போடலாம். கூட்டம் பத்து நிமிஷம் நீளும், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரணும்.