மெலனோமாவில் போலி மரபணு இழப்பு: பிடென்பி1 முன்வைக்கும் வினா

புரதம் உருவாக்கும் ஆற்றலை இழந்த மரபணுப் படிகள் போலி மரபணுக்கள் எனப்படுகின்றன. நெடுங்காலம் பயனற்ற எச்சங்களாகக் கருதப்பட்ட இவை புற்றுநோயில் பங்கு வகிக்கக்கூடும் என்பதற்குப் பிடென்பி1 தக்க சான்றாகும்.

10ஆம் குரோமோசோமில் உள்ள பிடென், உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புற்றடக்கி மரபணு ஆகும். அதன் போலிப் படியான பிடென்பி1, 9ஆம் குரோமோசோமின் குறுங்கையில் அமைந்துள்ளது. தொடக்கக் குறிமொழி திரிந்துள்ளதால் அது புரதம் தருவதில்லை; எனினும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. பிடெனை ஒடுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை இந்த ஆர்.என்.ஏ. தன்னோடு பிணைத்துக்கொள்வதால் பிடென் காக்கப்படுகிறது என்று லாரா பொலிசேனோ, பியர் பாவ்லோ பந்தோல்ஃபி உள்ளிட்டோர் 2010இல் 'நேச்சர்' இதழில் நிறுவினர். தோற்புற்று வகைகளுள் கொடியதான மெலனோமாவில் பிடென்பி1 நீக்கம் 2011இல் பதிவாயிற்று.

இந்நீக்கம் நோய்க்குக் காரணமா, உடன்நிகழ்வா என்பதே அடிப்படை வினா. மெலனோமாவில் அடிக்கடி இழக்கப்படும் சி.டி.கே.என்.2ஏ என்னும் புற்றடக்கி மரபணுவும் அதே குறுங்கையில் உள்ளது. அதனுடன் சேர்ந்தே பிடென்பி1 நீங்கியிருக்கலாம். மேலும், பிடென்பி1 பகுதியிலிருந்து தோன்றும் எதிரிழை ஆர்.என்.ஏ. ஒன்று பிடெனின் படியெடுப்பை ஒடுக்குவதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே, இழப்பின் விளைவு ஒருதிசைப்பட்டதன்று.

பிடென் சிதையாதிருந்தும் அதன் புரதம் குறைந்துள்ள கட்டிகளே இவ்வினாவுக்கு உரைகல். புரதம் தரும் மரபணுக்களை மட்டும் நோக்கும் பரிசோதனை, இத்தகைய கட்டிகளில் பிடென் பழுதற்றது என்றே அறிவிக்கும்.